மூன்று மெய்களும் ஒரு வாய்பாடும்: எபிரேயம் கற்கத் தொடங்குபவருக்கு

எபிரேய மொழியைப் பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. அந்த மொழியில் உயிரெழுத்தே கிடையாது என்பது ஒன்று. ஆகையால் வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது பாதி உண்மை. பின்னது முழுத் தவறு. மேற்படிப்புக்காக ஓர் இஸ்ரேலியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தொடக்க நிலை எபிரேய வகுப்பில் போய் உட்கார்ந்த நாளில் நானும் இவ்விரண்டையும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அவ்வகுப்புக்கு உல்பான் என்று பெயர். புதிதாகக் குடியேறியவர்களுக்கு மொழி கற்பிப்பதற்காக 1949-இல் எருசலேமில் தொடங்கிய முறை அது. இன்று பல்கலைக்கழகங்களிலும் நடைபெறுகிறது. எழுத்துகள் 22 மட்டுமே, அவற்றுள் ஐந்துக்குச் சொல்லிறுதியில் வேறு வடிவம் உண்டு, வலமிருந்து இடமாக எழுத வேண்டும், அச்செழுத்து வேறு கையெழுத்து வேறு என்பன போன்றவை இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வராமல் போக்குக் காட்டுவது, அம்மொழி தன் சொற்களை உண்டாக்கும் விதம். அது பிடிபட்டால் உயிர்க்குறி இல்லாத எழுத்தும் பிடிபடும் என்பதால், இங்கே அதை மட்டும் விளக்க முயல்கிறேன்.

தாசில்தாரும் மகசூலும்

தாசில்தார், மகசூல் ஆகிய இரண்டு சொற்களும் தமிழில் அன்றாடம் புழங்குபவை. பார்வைக்கு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டும் அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தவை. தாசிலின் மூல வடிவம் தஹ்ஸீல். மகசூலின் மூல வடிவம் மஹ்ஸூல். உயிரொலிகளையும், முன்னால் ஒட்டியுள்ள தகர மகரங்களையும் நீக்கிவிட்டால் இரண்டிலும் ஹ்-ஸ்-ல் என்ற மூன்று மெய்களே எஞ்சும். கைக்கு வந்து சேர்தல், ஈட்டுதல் என்பது அம்மூன்றின் பொதுப்பொருள். ஈட்டும் செயல் தஹ்ஸீல். ஆகவே வரி ஈட்டும் அலுவலர் தாசில்தார் ஆனார். ஈட்டப்பட்ட பொருள் மஹ்ஸூல். ஆகவே வயலில் விளைந்து வீடு வந்தது மகசூல் ஆயிற்று.

தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் இதைவிடப் பெரிய குடும்பமே இருக்கிறது. இல்ம் என்றால் அறிவு, ஆலிம் என்றால் அறிந்தவர், உலமா என்றால் அறிந்தவர்கள், தஃலீம் என்றால் கற்பித்தல். நான்கும் ஒரே மூன்று மெய்களின் மேல் கட்டப்பட்டவை; அவற்றுள் லகர மகரங்களுக்கு முன் வரும் தொண்டை மெய்க்கு மட்டும் தமிழில் எழுத்தில்லை. இவற்றுள் தஃலீம் என்பதையும் முன்பு கண்ட தஹ்ஸீல் என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால், மெய்கள் வேறானாலும் ஓசை ஒன்றாக இருப்பது காதில் படும். ஒரு செயலின் பெயர் என்பதை அந்த ஓசையே சொல்லிவிடுகிறது.

அரபியும் எபிரேயமும் செமித்திய மொழிகள் எனப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலே கண்ட பொறிதான் எபிரேயத்திலும் இயங்குகிறது.

இதுவரை கண்டது இவ்வளவே: மெய்கள் மூன்றும் பொருளைத் தருகின்றன, அவற்றைச் சுற்றியுள்ள ஓசை, அச்சொல் எவ்வகைச் சொல் என்பதைத் தருகிறது.

தமிழில் இதற்கு ஒப்பு உண்டா

தமிழ் பெரும்பாலும் சொல்லின் பின்னால் சேர்த்துக்கொண்டே போகும் மொழி. எழுது என்பதோடு ஒவ்வொன்றாக ஒட்டி எழுதினான், எழுதுகிறவர், எழுதாதவர்களுக்கு என்று நீட்டலாம். எழுது என்ற அடி தன் இடத்தில் ஆடாமல் நிற்கும். ரயில் பெட்டிகளைப் பின்னால் கோப்பது போன்றது இது.

ஆனால் வேறொரு வழியும் தமிழில் ஓரமாக இருக்கிறது. கெடு என்பதிலிருந்து கேடு, சுடு என்பதிலிருந்து சூடு, படு என்பதிலிருந்து பாடு, பெறு என்பதிலிருந்து பேறு. பின்னால் எதுவும் சேரவில்லை. மெய்கள் அப்படியே இருக்க, உள்ளே இருந்த குறில் நெடிலாகிவிட்டது, வினை பெயராகிவிட்டது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். தமிழில் இது விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களில் நடக்கிறது. எபிரேயத்தில் கிட்டத்தட்ட எல்லா வினைகளிலும், பெரும்பாலான பெயர்களிலும் இதுவே நடைமுறை. கேடு, சூடு, பாடு ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு முழு மொழியையே ஒருவர் கட்டி எழுப்பியதாகக் கற்பனை செய்துகொண்டால் எபிரேயத்தின் அருகே வந்துவிட்டோம் என்று பொருள்.

வேரும் வாய்பாடும்

மூன்று மெய்களின் தொகுதியை எபிரேயத்தில் ஷோரெஷ் என்பார்கள். அச்சொல்லுக்குப் பொருளே வேர்தான். சில வேர்களில் நான்கு மெய்கள் இருக்கும், மூன்றே பெருவழக்கு. வேரைத் தனியாக உச்சரிக்க முடியாது, அது ஒரு சொல்லும் அன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம், தமிழின் பகுதியோடு இதை ஒன்றாகக் கருதிக்கொள்பவர்கள் அதிகம் என்பதுதான். எழுது என்ற பகுதியை ஏவலாகவே சொல்லிவிடலாம். க்-த்-ப் என்ற எபிரேய வேரை யாரும் வாய்திறந்து சொல்ல முடியாது.

வேரின் மெய்கள் போய் உட்காரும் ஓசைச் சட்டத்துக்கு மிஷ்கால் என்று பெயர். எடை என்பது அதன் நேர்ப்பொருள். இஸ்ரேலின் நாணயமான ஷெக்கெலும், எடைபோடுகிறான் என்று பொருள்படும் ஷோக்கேல் என்ற வினையும், இந்த மிஷ்காலும் ஒரே வேரில் பிறந்தவை. பழங்காலத்தில் வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். மிஷ்காலைத் தமிழில் வாய்பாடு என்றே அழைக்கலாம் என்பது என் கருத்து. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற யாப்பு வாய்பாடுகள் ஓசையின் அச்சுகள். எந்தச் சீரையும் அந்த அச்சில் பொருத்திப் பார்க்கிறோம். மாவும் விளாவும் அங்கே பொருட்டில்லை.

க்-த்-ப் என்ற வேரை எடுத்துக்கொள்வோம். எழுதுதல் என்பது பொருள். மூன்றாம் மெய் சில இடங்களில் பகரமாகவும் சில இடங்களில் வகரமாகவும் ஒலிக்கும், எழுத்து ஒன்றே. கத்தாவ் என்றால் எழுதினான், கோத்தேவ் என்றால் எழுதுகிறான், நிக்தாவ் என்றால் எழுதப்பட்டது. மிக்தாவ் கடிதம், க்தோவெத் முகவரி, க்தீவ் எழுத்துக்கூட்டல், கத்தவா செய்திக்கட்டுரை. யூதத் திருமணத்தில் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்குக் க்துபா என்று பெயர். அரபியின் கிதாபும் இவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு.

சுருக்கமாகச் சொன்னால், வேர் என்பது ஊடு, வாய்பாடு என்பது பாவு. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால்தான் சொல் என்ற துணி கிடைக்கும்.

நோய்களுக்கு என்று ஒரு வாய்பாடு

இந்த இடத்தில் சற்று நின்று ஒரே ஒரு வாய்பாட்டை அருகிலிருந்து பார்க்கலாம். முதல் மெய்யோடு அகரமும், இரண்டாம் மெய்யோடு எகரமும், மூன்றாம் மெய்யோடு எத் என்ற முடிவும் சேரும் ஓசை அது. கலெவெத் என்பதைப் போல. கெலெவ் என்றால் நாய். கலெவெத் என்றால் வெறிநாய்க்கடி நோய். த்ஸஹோவ் என்றால் மஞ்சள்; த்ஸஹெவெத் என்றால் மஞ்சள் காமாலை. அதோம் என்றால் சிவப்பு. அதெமெத் என்றால் உடலெங்கும் சிவந்து தடிக்கும் ருபெல்லா. ஸுகார் என்றால் சர்க்கரை. ஸக்கெரெத் என்றால், ஊகிப்பது கடினமன்று, சர்க்கரை நோய். ஒழுகுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து நஸெலெத், அதாவது மூக்கொழுகல், வருகிறது.

இந்த வாய்பாட்டின் ஓசை காதில் விழுந்தவுடனே எபிரேயர் ஒருவருக்கு நோய் என்ற எண்ணம் வந்துவிடும். அதனால்தான் வேடிக்கைக்கும் அது பயன்படுகிறது. நெயார் என்றால் காகிதம். அரசு அலுவலகங்களில் படிவத்துக்கு மேல் படிவம் கேட்டு அலையவிடுவதற்கு நயெரெத் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காகித நோய் என்று வைத்துக்கொள்ளலாம். விசா நீட்டிப்புக்காக மூன்று முறை அலைந்து திரும்பிய பிறகு இச்சொல்லை நான் கற்றேன். அதற்குப் பின் மறந்ததே இல்லை.

தொழில் செய்பவர்களுக்கும் ஒரு வாய்பாடு இருக்கிறது: கத்தாவ் செய்தியாளர், தப்பாக் சமையல்காரர், தய்யாஸ் விமானி. கன்னாவ் என்பதும் இதே வரிசையில் வரும். அவர் திருடர். திருட்டையும் ஒரு தொழிலாக மொழி ஏற்றுக்கொண்டிருக்கிறது. செய்தியாளரைக் குறிக்கும் கத்தாவும், எழுதினான் என்னும் கத்தாவும் இன்றைய பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பழைய உச்சரிப்பில் முன்னதில் நடுமெய் இரட்டித்தது. இரட்டிப்பு பேச்சிலிருந்து மறைந்துவிட்டது.

ஏழு கட்டடங்கள்

வினைகளுக்குரிய வாய்பாடுகளுக்குப் பின்யான் என்று தனிப்பெயர். கட்டடம் என்பது பொருள். மொத்தம் ஏழு. பஅல், நிஃப்அல், பிஎல், புஅல், ஹிஃப்இல், ஹுஃப்அல், ஹித்பஎல் என்ற பெயர்களைக் கேட்டு மாணவர்கள் மிரண்டுவிடுவார்கள். மிரளத் தேவையில்லை. செய்தல் என்று பொருள்படும் வேரை ஏழு வாய்பாட்டிலும் இட்டுக் காட்டியவைதான் அப்பெயர்கள். தேமா என்ற சொல்லே தேமாவின் ஓசையைக் கொண்டிருப்பது போல, ஹிஃப்இல் என்ற சொல்லே ஹிஃப்இலின் ஓசையைக் கொண்டிருக்கிறது.

ல்-ப்-ஷ் என்பது உடுத்துதல் பற்றிய வேர். லவாஷ் என்றால் அணிந்தான். ஹில்பீஷ் என்றால் வேறொருவருக்கு அணிவித்தான். ஹித்லபேஷ் என்றால் தானே உடுத்திக்கொண்டான். தமிழில் தன்வினையையும் பிறவினையையும் விகுதியாலும் துணைவினையாலும் வேறுபடுத்துகிறோம். திருந்து, திருத்து போன்ற இணைகளில் உள்ளே இருக்கும் மெய்யை மாற்றியும் வேறுபடுத்துகிறோம். எபிரேயம் கட்டடத்தை மாற்றுகிறது.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிலையான ஒரு பொருள் உண்டு என்று பாடநூல்கள் பட்டியல் போடும். அதை அளவோடு நம்புவது நல்லது. ஹிஃப்இல் பெரும்பாலும் பிறவினை என்பது சரியே. ஆனால் லமாத், அதாவது கற்றான், என்பதன் பிறவினை ஹிஃப்இலில் வராமல் பிஎல் கட்டடத்தில் லிம்மேத், அதாவது கற்பித்தான், என்று வருகிறது. மாணவரைக் குறிக்கும் தல்மீத் என்ற சொல்லும் இவ்வேரின் பிள்ளைதான்.

புதுச் சொற்கள் வந்தாலும் இந்தக் கட்டடங்களுக்குள் குடியேறியே ஆக வேண்டும். தொலைபேசியைக் குறிக்கும் தெலெஃபோன் என்ற அயற்சொல்லிலிருந்து த்-ல்-ஃப்-ன் என்று நான்கு மெய்களை உருவி எடுத்து, பிஎல் கட்டடத்தில் இட்டு, தில்ஃபேன் என்றார்கள். தொலைபேசியில் அழைத்தான் என்று பொருள். எஸ்எம்எஸ் வந்தபோது ஸ்-ம்-ஸ் என்று வேர் தயாராகவே இருந்தது. ஸிம்மேஸ் என்றால் குறுஞ்செய்தி அனுப்பினான். எலியேசெர் பென் யெஹூதா 1881-இல் எருசலேமுக்கு வந்து, எபிரேயத்தை வீட்டுப் பேச்சுமொழியாக்கும் முயற்சியில் இறங்கியபோது, அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆயிரக்கணக்கான புதுச் சொற்களுக்கு வழி தேட வேண்டியிருந்தது. வழிபாட்டிலும் எழுத்திலும் நூற்றாண்டுகளாக வாழ்ந்த மொழியில் வேர்களும் வாய்பாடுகளும் அப்படியே இருந்ததால் அது இயன்றது. எண்ணுதல் பற்றிய வேரைக் கருவி வாய்பாட்டில் இட்டதும் கணினிக்கு மஹ்ஷேவ் என்ற சொல் கிடைத்தது அவர்கள் காட்டிய வழியில்தான்.

ஆக, வேர் பொருளைத் தருகிறது. பெயர்களுக்கு மிஷ்கால், வினைகளுக்குப் பின்யான் என்ற வாய்பாடுகள் வடிவம் தருகின்றன.

எழுதப்படாத உயிர்

இனித் தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்கு வருவோம். எபிரேயத்தில் உயிரொலி இல்லாமல் இல்லை. அ, எ, இ, ஒ, உ என ஐந்து இருக்கின்றன. குறில் நெடில் வேறுபாடு இன்றைய பேச்சில் கிடையாது. 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகள் என்பதுதான் செய்தி. அவற்றுள்ளும் ஆலெஃப், ஹே, வாவ், யோத் ஆகிய நான்கு, தேவைப்படும் இடங்களில் உயிரைக் குறிக்கும் வேலையையும் பார்க்கின்றன. வாவ் இருந்தால் ஒகரமோ உகரமோ, யோத் இருந்தால் இகரமோ வரலாம். இவற்றை வாசிப்பின் தாய்மார்கள் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

எழுத்தின் கீழும் மேலும் உள்ளும் இடும் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் நிக்குத் என்று பெயர். வேதாகமம் பிழையின்றி ஓதப்பட வேண்டும் என்பதற்காக, கலிலேயக் கடலோரத்துத் திபேரியா நகரத்து அறிஞர்கள் ஏறத்தாழ 7 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள் செம்மைப்படுத்திய முறை அது. குழந்தை நூல்களிலும் கவிதைகளிலும் பிரார்த்தனை நூல்களிலும் இன்றும் நிக்குத் உண்டு. நாளிதழ், பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு, பல்கலைக்கழகப் பாடக்குறிப்பு எதிலும் கிடையாது. அதற்கு ஈடாகத் தாய்மார்களைச் சற்றுத் தாராளமாகப் பயன்படுத்தும் முழு எழுத்துக்கூட்டல் என்ற முறை உள்ளது. 1953-இல் நிறுவப்பட்ட எபிரேய மொழிக் கழகம் அதன் விதிகளை வகுக்கிறது. 2017-இல் அவற்றைத் திருத்தி எளிமைப்படுத்தியது.

உயிர் எழுதப்படாமல் எப்படி வாசிக்கிறார்கள் என்று வியப்பதற்கு முன், நாம் எப்படி வாசிக்கிறோம் என்று யோசிக்கலாம். கல், பகல், பங்கு ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. எந்த இடத்தில் எந்த ஒலி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நாம் ஊகிப்பதும் இல்லை. சொல்லின் அமைப்பு சொல்லிவிடுகிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியே இட மாட்டார்கள். எகர ஏகாரங்களுக்கு ஒரே கொம்புதான். அவற்றையும் தமிழர் வாசித்தார்கள். எழுத்தில் இல்லாதது அமைப்பில் இருந்தது. எபிரேயத்தில் அந்த அமைப்பு வாய்பாடு.

வகுப்பில் ஆசிரியை ஒருநாள் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் இது: ஹஸப்பார் காரா எத் ஹஸேஃபெர். முடிதிருத்துநர் புத்தகத்தை வாசித்தார் என்று பொருள். நிக்குத் இல்லாமல் எழுதும்போது இதன் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் ஹே, ஸமெக், பே, ரேஷ் என்ற ஒரே நான்கு எழுத்துகள். ஒரு கோடு கூட வேறுபாடு கிடையாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் திகைத்துவிட்டார்கள். எபிரேயர்கள் தடுக்காமல் வாசிப்பதற்குக் காரணங்கள் உண்டு. தொடக்கத்தில் உள்ள ஹே, குறிப்பிட்ட ஒரு பொருளைச் சுட்டும் முன்னொட்டு; ஆகவே இரண்டும் பெயர்ச்சொற்கள். நடுவில் உள்ள எத் என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்வது, ஆனால் சொல்லுக்கு முன்னால் நிற்பது. ஆகவே கடைசியில் வருவது செயப்படுபொருள். வினையில் வாவ் இல்லை. இருந்திருந்தால் கோரே, அதாவது வாசிக்கிறார், என்று நிகழ்காலமாகியிருக்கும். எஞ்சியது ஒன்றுதான்: மனிதர் வாசிப்பார், புத்தகம் வாசிக்காது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும்.

இங்கே மறக்கக்கூடாதது, வாசிப்பவர் எண்ணற்ற உயிர்களுள் ஒன்றைத் தேடுவதில்லை என்பது. மொழியில் உள்ள சில வாய்பாடுகளுள் இடத்துக்குப் பொருந்துவதைத் தெரிந்தெடுக்கிறார்.

புத்தகம் தேடிப் போன கதை

வேர் தெரிந்துவிட்டால் எல்லாச் சொல்லும் தெரிந்துவிடும் என்று ஆர்வக்கோளாறில் சிலர் சொல்வார்கள். அதை நம்பிக் கெட்டவன் நான். ஸேஃபெர் என்றால் புத்தகம், ஸோஃபேர் என்றால் எழுத்தாளர், ஸிப்பூர் என்றால் கதை, ஸிஃப்ரியா என்றால் நூலகம் என்றெல்லாம் கற்றிருந்த மூன்றாம் வாரம் அது. மிர்பஆ என்றால் சிகிச்சையகம், மிஸ்அதா என்றால் உணவகம் என்பதால், மி என்று தொடங்கி ஆ என்று முடியும் வாய்பாடு இடத்தைக் குறிக்கும் என்பதும் தெரியும். விடுதிக்கு அருகில் ஒரு பலகையில் மெம், ஸமெக், பே, ரேஷ், ஹே என்ற எழுத்துகளைக் கண்டேன். மிஸ்பரா. புத்தக வேர், இட வாய்பாடு. சந்தேகமே இல்லை, புத்தகக்கடை. உள்ளே போனால் சுழல் நாற்காலியும் கண்ணாடியும் இருந்தன. தலைமுடி கொஞ்சம் வளர்ந்துதான் இருந்தது, வெட்டிக்கொண்டு வந்தேன்.

வாய்பாட்டை நான் சரியாகவே கண்டுபிடித்திருந்தேன். வேரில்தான் பிசகு. ஸ்-ப்-ர் என்ற அதே மூன்று மெய்களில் புத்தகம், எண்ணுதல், சொல்லுதல் பற்றிய வேரும் இருக்கிறது. முடி வெட்டுதல் பற்றிய தனி வேரும் இருக்கிறது. ஸிப்பேர் என்ற வினைக்குக் கதை சொன்னான் என்றும் பொருள், முடி வெட்டினான் என்றும் பொருள். முடிதிருத்தகத்தில் இரண்டும் நடப்பது தற்செயல்.

பொருள் நெடுந்தொலைவு விலகிப்போன வேர்களும் உண்டு. ல்-ஹ்-ம் என்ற மெய்களில் லெஹெம் என்றால் ரொட்டி. பெத்லகேம் என்ற ஊர்ப்பெயருக்கு ரொட்டி வீடு என்று பொருள். அதே மெய்களில் மில்ஹமா என்றால் போர். ஷாலோம் என்ற வாழ்த்தை அறியாதவர் இல்லை. அதன் வேர் முழுமையைக் குறிப்பது, அரபியின் சலாமோடு உறவுள்ளது. கடையில் பணம் செலுத்துவதற்கும் இதே வேரிலிருந்து ல்ஷல்லேம் என்கிறார்கள். கடனை முழுமையாக்கினால்தான் அமைதி என்று நாமாக ஒரு விளக்கம் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படிப்பட்ட விளக்கங்கள் நினைவுக்கு உதவுமே தவிர, தெரியாத சொல்லுக்குப் பொருள் காண உதவா.

குறிப்பேட்டில் எப்படி எழுதுவது

இதன் பயன் தொடக்கநிலை மாணவரின் குறிப்பேட்டில்தான் முதலில் தெரிய வேண்டும். புதுச் சொற்களை அகரவரிசையில் எழுதிக்கொண்டே போவது பெரிதாக உதவாது. வேரைத் தலைப்பாக இட்டு, அதன் கீழ் வந்த சொற்களை வந்தபோது சேர்த்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாய்பாட்டின் பெயரைக் குறித்துக்கொண்டே போனால், இரண்டு மாதத்தில் பக்கங்கள் தாமாக ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். வினைகளை இறந்தகால ஆண்பால் ஒருமையில் எழுத வேண்டும். அகராதிகள் வினையை அவ்வடிவில்தான் வைத்திருக்கின்றன. நிக்குத் இட்ட பாடங்களிலேயே நெடுநாள் தங்கிவிடுவது கெடுதல் என்பது என் அனுபவம். புள்ளியைப் பார்த்து வாசிக்கும் கண், வாய்பாட்டைத் தேடாது.

மூன்று மெய்களும் எப்போதும் ஒளிவுமறைவின்றி நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யகரம், நகரம், ஹகரம் போன்றவை இடம்பெற்ற வேர்களில் ஒரு மெய் திடீரென்று காணாமல் போகும். நத்தான் என்றால் கொடுத்தான், வேர் ந்-த்-ன். கொடுக்க என்னும் எச்ச வடிவமோ லாத்தேத். முதலில் உள்ள லகரம் முன்னொட்டு, கடைசித் தகரம் விகுதி. வேரின் இரண்டு நகரங்களும் விழுந்துவிட்டன, நடுவில் ஒற்றைத் தகரம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. எங்கள் வகுப்பில் அது இரண்டாம் பருவத்துப் பாடமாக இருந்தது.